ஸ்லாட் வந்த பிறகு லிவர்பூல்: 7 ஆட்டத்தை வைத்து எதை நம்புவது?

செந்தூல்_ரயில்வே
அக்டோபர் 2024, இரண்டாம் வாரம்

வணக்கம். இந்த வாரம் இங்கிலாந்து பிரிமியர் லீக் ஆட்டம் இல்லை, அதனால் கொஞ்சம் நிதானமாகவே கேட்கிறேன்.

7 ஆட்டம், 18 புள்ளி, 13 கோல் போட்டு 2 மட்டும் வாங்கியிருக்கிறோம். மான்செஸ்டர் சிட்டியும் அர்செனலும் 17 புள்ளியில் நிற்கிறார்கள். சாம்பியன்ஸ் லீக்கையும் லீக் கோப்பையையும் சேர்த்தால் புதுப் பயிற்றுநர் ஸ்லாட்டுக்கு 10 ஆட்டத்தில் 9 வெற்றி. பழைய பயிற்றுநர் கிளாப் போன பிறகு ஓரிரு வருடம் தடுமாறுவோம் என்றுதான் நான் மனத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். கோடைக்காலத்தில் வாங்கியதும் கியேசா ஒருவரைத்தான். கோல் காவலர் மமர்தாஷ்விலி அடுத்த வருடம்தான் வருகிறார். மத்திய திடலுக்கு சுபிமெண்டி வருவார் என்று வாரக்கணக்கில் காத்திருந்தோம், அவர் ஸ்பெயினில் ரியல் சோசியடாடிலேயே இருந்துவிட்டார். ஆக, போன பருவத்து அணியே புதுப் பயிற்றுநரிடம் இப்படி ஆடுகிறது.

எங்கள் வீட்டில் இதை வைத்துப் பெரிய வாக்குவாதம். அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், டல்கிளிஷ் ஆடிய காலத்திலிருந்து லிவர்பூல். கிரிஸ்டல் பேலஸோடு ஆடிய ஆட்டம் நம் மலேசிய நேரத்துக்கு இரவு 7.30க்கு இருந்ததால் சாப்பாட்டுத் தட்டோடு சேர்ந்து பார்த்தோம். 9வது நிமிடத்தில் நம் ஜோட்டா கோல் போட்டார். அதற்குப் பிறகு அப்பாவுக்குப் பொறுமையே இல்லை. "ஒரு கோலைப் போட்டுட்டு மீதி நேரமெல்லாம் பந்தை இங்கயும் அங்கயும் தள்ளிட்டு இருக்கானுங்க. கிளாப் இருந்தா இந்நேரம் மூணு போட்டிருப்பானுங்க" என்றார். கிளாப் இருந்திருந்தால் இரண்டு வாங்கியும் இருப்போம் என்றேன். அதோடு அவர் என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டு அம்மாவிடம் ரசம் கேட்டார்.

நான் அப்பாவோடு ஒத்துப்போகவில்லை. போன பருவம் எத்தனை ஆட்டத்தில் முதல் கோலை நாம் வாங்கி, பிறகு துரத்திப் பிடித்தோம்! பார்க்க நன்றாக இருந்தது உண்மை. ஆனால் ஏப்ரலில் கால் ஓய்ந்தபோது அந்தத் துரத்தல் நடக்கவில்லை, கோப்பையும் போய்விட்டது. இப்போது 1-0 என்று இருக்கும்போது எனக்கு வயிறு கலங்குவதில்லை. ஆனால் அது நல்ல அணிக்கு அடையாளமா, இதுவரை வந்த எதிரணிகள் சுமாரானவை என்பதால் கிடைத்த நிம்மதியா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. புள்ளிப் பட்டியலைத் தள்ளிவைத்துவிட்டு, ஒரு புதுப் பயிற்றுநரின் தொடக்கத்தை எதை வைத்துப் பார்ப்பீர்கள்? அடுத்து செல்சி, லைப்ஸிக், அர்செனல் என்று வரிசையாக வருகிறது. அதற்கு முன்னால் உங்கள் எண்ணம் எனக்கு வேண்டும்.

---

பட்டர்வொர்த்_கன்னர்

ப்ரோ, நான் அர்செனல். ஆனாலும் மனத்தில் பட்டதைச் சொல்கிறேன்.

யாரோடு ஆடினீர்கள் என்று பாருங்கள். இப்ஸ்விச் 22 வருடம் கழித்து மேலே வந்த அணி, அதுவும் முதல் ஆட்டம். வுல்வ்ஸ் 7 ஆட்டத்தில் 1 புள்ளி. பேலஸ் இன்னும் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. மான்செஸ்டர் யுனைடெட் இருக்கும் நிலைமை எல்லாருக்கும் தெரியும். ஒழுங்காகத் தற்காப்பு ஆடிய ஒரே அணி நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், அவர்களிடம் உங்கள் சொந்தத் திடல் ஆன்ஃபீல்டிலேயே தோற்றீர்கள். 1969க்குப் பிறகு ஃபாரஸ்ட் அங்கே ஜெயித்த முதல் லீக் ஆட்டம் அது.

நாங்கள் 10 பேரோடு சிட்டி திடலில் 2-2 எடுத்தோம். எங்கள் 17 புள்ளி உங்கள் 18 புள்ளியைவிடக் கனமானது என்றுதான் நினைக்கிறேன். 27ஆம் தேதி எங்கள் எமிரேட்ஸ் திடலில் ஆட்டம் முடிந்ததும் இங்கேயே பேசுவோம்.

---

கோம்பாக்_பயிற்றுநர்

தம்பி, கேள்வி நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பெரிய அணிக்கெல்லாம் பயிற்சி கொடுப்பவன் இல்லை. கோம்பாக் பக்கம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு, 12 வயதுக்குக் கீழே, மாலையில் திடலில் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் பல வருடமாக ஆட்டத்தை அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

புதுப் பயிற்றுநர் வந்தால் நான் கோலைப் பார்ப்பதில்லை. பந்து நம் கோல் காவலர் காலில் இருக்கும்போது மற்ற 10 பேரும் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பேன். அங்கேதான் பயிற்றுநரின் கை தெரியும். கோல் போடுவது சலாவின் திறமையாக இருக்கலாம், அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். ஆனால் பந்து வருவதற்கு முன்னால் ஓர் ஆள் எங்கே நிற்கிறான் என்பது சொல்லிக்கொடுத்தால் மட்டுமே வரும்.

அங்கே மாற்றம் பெரியது. கிளாப்பின் கடைசிப் பருவத்தில் ஒருவர்தான் தற்காப்புக்கு முன்னால் தனியாக நின்றார், பெரும்பாலும் எண்டோ அல்லது மக்அலிஸ்டர். வலது பக்கத் தற்காப்பாளர் ட்ரெண்ட் நடுவில் புகுந்துவிடுவார், இரண்டு மத்திய திடல் ஆட்டக்காரர்கள் மேலே ஓடிவிடுவார்கள். பந்து பறிபோனால் மத்திய தற்காப்பாளர் வான் டைக்குக்கு முன்னால் பெரிய வெற்றிடம். இப்போது கிரேவன்பெர்க்கும் மக்அலிஸ்டரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள், சோபோஸ்லாய் அவர்களுக்கு முன்னால். வான் டைக்கும் கோனாடேயும் பந்தை வைத்துக்கொண்டு அவசரப்படாமல் நிற்கிறார்கள். எதிரணி பொறுமை இழந்து ஓர் ஆளை முன்னே அனுப்பியதும், அவன் விட்டுவந்த இடத்தில் கிரேவன்பெர்க் பந்தை வாங்கி அதே வேகத்தில் திரும்பிவிடுகிறார். உங்கள் அப்பாவுக்கு 'இங்கயும் அங்கயும் தள்ளுவது' என்று தெரிகிறதே, அது எதிரணியை இழுப்பதற்குப் போடும் தூண்டில். அடுத்த ஆட்டத்தில் அந்தத் திரும்பலை அவருக்குக் காட்டுங்கள். டல்கிளிஷ் காலத்து லிவர்பூல் ரசிகருக்கு அது பிடிக்காமல் போகாது, அந்த அணியும் பொறுமையாகப் பந்தை வைத்து ஆடிய அணிதான்.

கிரேவன்பெர்க்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். போன பருவம் பாதி ஆட்டத்துக்கு மேல் பெஞ்சிலிருந்து வந்த பையன். சுபிமெண்டி வராததால் கிடைத்த இடம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது சரிதான். ஆனால் சுபிமெண்டி இல்லை என்றானதும் ஸ்லாட் சந்தைக்கு ஓடி இன்னொரு ஆளைத் தேடவில்லை, கையில் இருந்த 22 வயதுப் பையனின் இடத்தை மாற்றினார். இருக்கிற ஆளை வைத்து இல்லாத ஆளின் வேலையைச் செய்ய வைப்பது பயிற்றுநர் வேலையில் ஆகக் கஷ்டமானது. நான் 11 பிள்ளைகளை வைத்துக்கொண்டே அதற்குத் திண்டாடுகிறேன்.

யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபர்ட் திடலில் 3-0 ஜெயித்த ஆட்டத்தை என் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். யுனைடெட் மோசம் என்று பட்டர்வொர்த் தம்பி சொல்கிறார். அது மோசமாகத் தெரிந்ததே எப்படி என்று பாருங்கள். முதல் கோலுக்கு யுனைடெட்டின் கசெமிரோ கொடுத்த பந்தை இடைமறித்தது கிரேவன்பெர்க். இரண்டாவதில் கசெமிரோவிடமிருந்து பந்தைப் பறித்தது டியாஸ், கோல் போட்டதும் அவரே. மூன்றாவதும் மத்திய திடலில் பறித்த பந்துதான், சலா முடித்தார். மூன்றும் ஒரே மாதிரி விதைத்து, ஒரே இடத்தில் அறுவடை செய்த கோல்கள். தற்செயலாக மூன்று முறை அப்படி நடக்காது.

இப்ஸ்விச் ஆட்டத்தில் எனக்கு ஆகவும் பிடித்தது இடைவேளைதான். 0-0. முதல் ஆட்டம், புது வேலை, உலகமே பார்க்கிறது. குவான்சாவை எடுத்துவிட்டு கோனாடேயை இறக்கினார். உயரப் பந்துகளிலும் மோதல்களிலும் தோற்கிறோம் என்று பிறகு வெளிப்படையாகவே சொன்னார். ஓர் இளம் ஆட்டக்காரனை முதல் நாளே 45 நிமிடத்தில் வெளியே எடுப்பது அந்தப் பையனுக்குக் கஷ்டம்தான், எனக்கும் பார்க்கச் சங்கடமாக இருந்தது. ஆனால் 60வது நிமிடம் ஜோட்டா, 65வது நிமிடம் சலா, ஆட்டம் முடிந்தது. தவறு எங்கே என்று 45 நிமிடத்தில் கண்டுபிடித்து, தயங்காமல் கை வைக்கிற ஆள் இவர். இந்தக் குணம் பருவம் முழுக்கப் பயன்படும்.

இப்போது ஃபாரஸ்ட். தம்பி, நீங்கள் ஓர் ஆட்டத்தை மட்டும்தான் மறுபடி பார்க்க முடியும் என்றால் அதைப் பாருங்கள். ஜெயித்த ஆட்டம் எதுவும் அந்த அளவுக்குச் சொல்லாது. அதற்கு முந்தைய இரண்டு ஆட்டத்தில் ஆடிய அதே 11 பேர். நடுவில் நாட்டு அணிகளுக்காகப் பறந்துபோய்த் திரும்பியவர்கள், தென் அமெரிக்கா வரைக்கும் போனவர்களும் அதில் உண்டு. ஃபாரஸ்ட் முன்னே வந்து நெருக்கவே இல்லை. தூண்டில் போட்டாலும் மீன் கிட்டே வராமல் தன் இடத்திலேயே நின்றது. அப்போது லிவர்பூலிடம் அடுத்த யோசனை இல்லை. டியாஸ் ஒருமுறை கம்பத்தில் அடித்ததைத் தவிரப் பெரிதாக நினைவில் நிற்கும் வாய்ப்பு இல்லை. பிறகு 72வது நிமிடத்தில் பெஞ்சிலிருந்து வந்த ஹட்சன்-ஒடோய் உள்பக்கம் வெட்டி வந்து தூர மூலையில் வளைத்துப் போட்டார். இது தற்செயல் தோல்வி இல்லை. பின்னால் கூடி நிற்கும் அணியை உடைப்பதற்கு இந்த அணி இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. இனி ஆன்ஃபீல்டுக்கு வருகிற சின்ன அணிகள் எல்லாம் அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள்.

அதற்கு அடுத்த ஆட்டத்தில் மிலான் திடல். 3வது நிமிடமே புலிசிக் கோல். நான் விடியற்காலை 3 மணிக்கு எழுந்து உட்கார்ந்தவன், 3 நிமிடத்தில் படுத்துவிடலாமா என்று தோன்றியது. ஆனால் அணி பதறவில்லை. கோனாடே, வான் டைக் இரண்டு பேரும் நின்ற பந்திலிருந்து தலையால் போட்டார்கள், பிறகு சோபோஸ்லாய், 3-1. மூன்று நாள் முன்னால் தோற்ற அணி அந்நியத் திடலில் பின்தங்கி இப்படித் திரும்பி வந்தால், உடைமாற்றும் அறையில் பயிற்றுநரின் பேச்சு எடுபடுகிறது என்று அர்த்தம்.

எனக்குக் கவலை எங்கே என்றால், ஆள் பலத்தில். கிரேவன்பெர்க்குக்கு மாற்று யார்? எண்டோவுக்கு லீக்கில் கடைசிச் சில நிமிடங்கள்தான் கிடைக்கின்றன. பேலஸ் ஆட்டத்தில் அலிசன் தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார், கெல்லஹருக்கு உடம்பு சரியில்லை, மூன்றாவது கோல் காவலர் யாரோஸ் வந்து ஆட்டத்தை முடிக்க வேண்டியிருந்தது. அப்புறம் சலா, வான் டைக், ட்ரெண்ட் மூன்று பேருக்கும் அடுத்த ஜூனோடு ஒப்பந்தம் முடிகிறது. ஜனவரியில் அந்தப் பேச்சு சூடு பிடிக்கும். அதற்கு ஸ்லாட் பொறுப்பில்லை, ஆனால் தாங்க வேண்டியவர் அவர்.

சுருக்கமாக என் பதில்: வழிமுறை உண்மையானது, புள்ளிகள் கொஞ்சம் சலுகை விலையில் வந்தவை. செல்சி, அர்செனல் ஆட்டங்களில் இரண்டைக் கவனியுங்கள். முன்னணியில் இருக்கும்போது எதிரணி உண்மையிலேயே நெருக்கினால் பந்தை வைத்திருக்க முடிகிறதா. பின்தங்கினால் 60லிருந்து 75 நிமிடத்துக்குள் ஸ்லாட் என்ன மாற்றுகிறார்.

---

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா

பயிற்றுநர் அண்ணன் திடலுக்குள் நடப்பதை அழகாகச் சொல்லிவிட்டார். நான் பழைய கதை கொஞ்சம் சேர்க்கிறேன், ஏனென்றால் தொடக்கத்தை வைத்து முடிவு சொல்லுகிற பழக்கம் நம் ஊரில் ரொம்ப அதிகம்.

2012இல் ரோட்ஜர்ஸ் லிவர்பூலுக்கு வந்தபோது முதல் 5 லீக் ஆட்டத்தில் ஒரு வெற்றியும் இல்லை. வெஸ்ட் பிரோமிடம் 3-0 தோல்வியில்தான் தொடங்கினார். என் தம்பி சட்டையைக் கழற்றி அலமாரியில் போட்டுவிட்டான். அடுத்த பருவம் 101 கோல், 84 புள்ளி, கோப்பைக்கு மயிரிழையில் இரண்டாம் இடம். கிளாப் 2015 அக்டோபரில் வந்து முதல் ஆட்டம் டோட்டன்ஹாமோடு 0-0, அந்தப் பருவம் லீக்கில் 8ஆம் இடம். அவர்கள் இருவரையும் 7 ஆட்டத்தில் எடைபோட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம்?

இன்னும் கிட்டத்தில் சொல்கிறேன். மலேசிய அணிப் பயிற்றுநராக இருந்த நம்ம கே. ராஜகோபால். 2010 சுசுகி கோப்பை (தென்கிழக்கு ஆசிய நாடுகளின் காற்பந்துப் போட்டி), முதல் ஆட்டமே இந்தோனேசியாவிடம் 5-1. மறுநாள் அலுவலகத்தில் பேசியவர்கள் எல்லாரும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் அவர் லாவோஸில் நடந்த சீ போட்டியில் (தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டி) காற்பந்துத் தங்கத்தை 20 வருடம் கழித்துக் கொண்டுவந்திருந்தார், அது ஒருவருக்கும் நினைவில்லை. அந்த 5-1க்குப் பிறகு அவர் பையன்களைத் தூக்கி எறியவில்லை. அதே இளம் பையன்களை நம்பினார். தாய்லாந்தோடு 0-0, லாவோஸை 5-1, அரையிறுதியில் வியட்நாமை 2-0, 0-0. டிசம்பர் 26 இறுதி ஆட்டத்துக்கு புக்கிட் ஜாலிலில் நானும் என் தம்பியும் மேல் அடுக்கில் இருந்தோம். லேசர் விளக்கு அடிக்கிறார்கள் என்று இந்தோனேசியா ஆட்டக்காரர்கள் திடலைவிட்டு வெளியேறிச் சில நிமிடம் ஆட்டம் நின்றது. அந்த விளக்கு அடித்தவர்களை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது, நம் பையன்களுக்கு அது தேவையே இல்லை. திரும்பி வந்ததும் சாஃபி சாலி இரண்டு, அஷாரி ஒன்று. 3-0. ஜகார்த்தாவில் 2-1 தோற்றும் மொத்தத்தில் 4-2, கோப்பை நமக்கு. டிசம்பர் 31 நாடு முழுக்க விடுமுறை விட்டார்கள்.

அந்த 5-1 ஆட்டத்தில் எல்லாரும் 5ஐப் பார்த்தார்கள். ராஜகோபால் எந்த இடத்தில் உடைந்தது என்று பார்த்தார், அவ்வளவுதான். ஃபாரஸ்ட் ஆட்டத்தை ஸ்லாட் எப்படிப் பார்த்திருக்கிறார் என்பது எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. அதற்கு அடுத்த லீக் ஆட்டத்தில் போர்ன்மவுத்தோடு நூன்யெஸை முன்னால் இறக்கினார், முதல் பாதியிலேயே 3-0. பார்த்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம் தம்பி, அப்பாவை ஒரேயடியாக ஒதுக்காதீர்கள். அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. பேலஸ் ஆட்டத்தை நானும் பார்த்தேன். இரண்டாம் பாதியில் பேலஸ் ஒரு கோல் போட்டிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். 1-0 வைத்துக்கொண்டு அடங்கிப் போவது ஒவ்வொரு வாரமும் பலிக்காது. இரண்டாவது கோலைத் தேடாத அணி என்று அவர் சொன்னால், அதற்கு உங்களிடம் இன்னும் முழுப் பதில் இல்லை.

---

செந்தூல்_ரயில்வே
அக்டோபர் 28

எல்லாருக்கும் நன்றி. மூன்று ஆட்டமும் முடிந்துவிட்டது, நீங்கள் சொன்னதை மனத்தில் வைத்துப் பார்த்தேன்.

செல்சி ஆட்டத்தில் பந்து அவர்களிடம்தான் அதிக நேரம் இருந்தது. போன பருவமாக இருந்தால் அது எனக்குப் பயத்தைக் கொடுத்திருக்கும். சலா பெனால்டி, செல்சியின் ஜாக்சன் இடைவேளை முடிந்ததும் சமன், மூன்றே நிமிடத்தில் கர்ட்டிஸ் ஜோன்ஸ் மறுபடி முன்னணி. அந்தப் பெனால்டியை வாங்கிக்கொடுத்ததும் ஜோன்ஸ்தான். அதே ஜோன்ஸ் ஆட்டம் முழுக்க செல்சியின் பால்மரை விடாமல் ஒட்டிக்கொண்டு திரிந்தார். பயிற்றுநர் அண்ணன் கேட்ட முதல் கேள்விக்கு இது பாதிப் பதில் என்று எடுத்துக்கொள்கிறேன்: நெருக்கினார்கள், பந்தை வைத்திருக்க முடியவில்லை, ஆனால் வாசலைப் பூட்டிவிட்டார்கள். லைப்ஸிக்கில் நூன்யெஸ் ஒரு கோல், 1-0, பேலஸ் மாதிரியேதான். அக்கா சொன்னது அங்கேயும் எனக்கு உறுத்தியது.

அர்செனல் நம் நேரத்துக்குத் திங்கள் அதிகாலை 12.30. அங்கே நேரத்தை மாற்றிவிட்டதால் ஒரு மணி நேரம் தள்ளிப் போனது. அப்பா தூங்கப் போகாமல் உட்கார்ந்திருந்தார். அர்செனலின் சாக்கா 9வது நிமிடம், வான் டைக் சமன், இடைவேளைக்குச் சற்று முன்னால் அவர்களின் மெரினோ. 2-1 பின்னால். முதல் பாதி உண்மையிலேயே மோசம், மறைக்க ஒன்றுமில்லை. இரண்டாம் பாதியில் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 63வது நிமிடம் வாக்கில் சோபோஸ்லாய், காக்போ, சிமிகாஸ் மூன்று பேரையும் ஒன்றாக இறக்கினார். அதிலிருந்து பந்து நம்முடையது. 81வது நிமிடம் ட்ரெண்ட் பின்னாலிருந்து ஒரு நீளப் பந்து, நூன்யெஸ் ஓடிப் பிடித்துக் குறுக்கே கொடுத்தார், சலா.

அப்பா எழுந்து நின்றுவிட்டார். "இதத்தான்டா நான் கேட்டேன்" என்றார். ஒரே பாஸில் தற்காப்பைத் தாண்டி, ஓடி, முடித்த கோல். பொறுமையாக ஆடிப் பழகிய அணி அந்த ஒரு நிமிடத்தில் பழைய வேகத்தை எடுத்துக்கொண்டது. வேகம் எங்கேயும் போகவில்லை, எப்போது எடுப்பது என்று இப்போது தேர்ந்தெடுக்கிறார்கள் என்று நான் சொன்னேன். அவர் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் வாக்குவாதம் செய்யவும் இல்லை, பிரைட்டன் ஆட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

9 ஆட்டத்தில் 22 புள்ளி, சிட்டி 23. எனக்கு இப்போது ஸ்லாட் மீது நம்பிக்கை வந்துவிட்டது. கோப்பை வரும் என்று சொல்லவில்லை. பின்தங்கும்போது பெஞ்சைப் பார்த்துச் சரியான மூன்று பேரை எடுக்கிற ஆள் இருக்கிறார் என்பதுதான் என் நம்பிக்கை. ஆனால் கிரேவன்பெர்க் லீக்கில் எல்லா ஆட்டத்தையும் தொடங்கியிருக்கிறார். டிசம்பரில் அந்தக் கால் என்னவாகும் என்று இப்போதே கவலையாக இருக்கிறது.

---

பட்டர்வொர்த்_கன்னர்

சலிபாவுக்குத் தடை, கேப்ரியல் பாதியில் வெளியே, டிம்பரும் வெளியே. அந்தத் தற்காப்போடு 2-2 என்பது எங்களுக்கு வலிதான். ஆனாலும் இரண்டாம் பாதியில் நீங்கள் நன்றாக ஆடினீர்கள், அதை மறுக்க மாட்டேன். அந்த மூன்று மாற்றமும்தான் ஆட்டத்தைத் திருப்பியது. நான் எதிர்பார்த்ததைவிட நல்ல அணி.

---

கோம்பாக்_பயிற்றுநர்

தம்பி, கிரேவன்பெர்க்கைப் பற்றிய கவலை சரியான கவலை. அதற்கு ஸ்லாட்டிடம் பதில் இருக்கிறதா என்று பார்க்க நல்ல வாய்ப்பு வருகிறது. லீக் கோப்பையில் பிரைட்டன், நம் நேரத்துக்கு வியாழன் விடியற்காலை 3.30. தீபாவளி அன்றைக்குத்தான். முன்னணி ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு கொடுப்பார், எண்டோ தொடக்கத்திலிருந்தே ஆடுவார் என்று நினைக்கிறேன். சனிக்கிழமை இரவு 11 மணிக்கு அதே பிரைட்டனோடு ஆன்ஃபீல்டில் லீக் ஆட்டம். பிறகு செவ்வாய் ஆட்டம், நமக்குப் புதன் விடியற்காலை: நம் பழைய ஆட்டக்காரர் ஷாபி அலோன்சோ தான் பயிற்சி கொடுக்கும் லெவர்குசனோடு ஆன்ஃபீல்டுக்கு வருகிறார். அப்புறம் வில்லா.

ஒரே எதிரணி, மூன்று நாள் இடைவெளி, ஒரு முறை எண்டோ, ஒரு முறை கிரேவன்பெர்க். இப்படி ஒப்பிட்டுப் பார்க்க வருடத்துக்கு ஒருமுறைகூடக் கிடைக்காது. பிரைட்டன் முன்னே வந்து நெருக்கும்போது எண்டோ பந்தை வாங்கித் திரும்புகிறாரா, இல்லை வான் டைக் நின்ற இடத்துக்கே திருப்பிக் கொடுக்கிறாரா, அதை மட்டும் எண்ணிக்கொண்டே பாருங்கள். நானும் பார்க்கிறேன். எண்ணெய்க் குளியலுக்கு அம்மா எழுப்பும் நேரத்துக்குள் ஆட்டம் முடிந்துவிடும், அப்பாவையும் எழுப்பிவிடுங்கள்.